கோட்டாறு திருவிழாவுக்கும் கிறிஸ்துமசுக்கும் நடுவே

குமரி மாவட்டத்தில் திருவருகைக் காலம் (கிறிஸ்துமசுக்கு முன் நான்கு ஞாயிறுகள் வரும் ஆயத்தக் காலம்) அமைதியாகத் தொடங்குவதே இல்லை. நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் அதன் முதல் நாள். அதற்குள் கோட்டாறு சவேரியார் கோயிலில் கொடியேறியிருக்கும். டிசம்பர் 3 திருவிழா, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. 8-ஆம் தேதி அமலோற்பவ அன்னை பெருவிழா. கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா திருவிழாவும் டிசம்பரில்தான். இடையில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, இளைஞர்களுக்குக் கிறிஸ்து பிறப்புக் குடில் வேலை, பாடகர் குழுவுக்குக் கேரல் ஒத்திகை. ஒரு திருவிழாவிலிருந்து நேராக அடுத்த திருவிழாவுக்குள் நடந்துவிடுகிறோம். நடுவில் இருக்கும் நான்கு ஞாயிறுகளும் பங்குச் சாமியாரின் ஊதா நிறத் திருவுடையாக மட்டும் கண்ணில் பட்டு மறைகின்றன.

அதன் பலன் டிசம்பர் 26 அன்று தெரியும். உடம்பு அசந்து கிடக்கும், கையில் காசு இருக்காது, நள்ளிரவுத் திருப்பலியில் என்ன வாசகம் வாசித்தார்கள் என்பது நினைவில் நிற்காது. கொண்டாட்டத்தில் குறை எதுவும் இருந்திருக்காது. காத்திருப்பு இல்லாமல் போனதுதான் குறை. வரப்போகிறவருக்காகக் காத்திருப்பதிலேயே ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. அதை ருசித்தவர்களுக்குத்தான் 25-ஆம் தேதி முழுதாகக் கிடைக்கிறது. அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது, அதற்கு நம் வீடுகளில் எப்படி இடம் ஒதுக்குவது, எந்த இடத்தில் அது கெட்டுப்போகிறது என்பதையே இங்கே எழுதுகிறேன். லத்தீன் கத்தோலிக்க வழிபாட்டு முறையை வைத்தே எழுதினாலும், சி.எஸ்.ஐ. சபையினருக்கும் லூத்தரன் சபையினருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மூன்று கைதிகள்

மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. அன்று மட்டும் ஊதாவுக்குப் பதிலாக ரோஜா நிறத் திருவுடை அணியலாம், பீடத்தில் பூ கொஞ்சம் கூட்டலாம், வாத்தியங்களையும் தாராளமாக வாசிக்கலாம். ரோஜா நிற உடை எல்லாப் பங்குக் கோயில்களிலும் இருக்காது. இல்லையென்றால் ஊதாவே போதும். அது கட்டாயம் இல்லை. கவனிக்க வேண்டியது வாசகங்களை.

ஞாயிறு வாசகங்களின் மூன்று ஆண்டுச் சுழற்சியில், மூன்றாம் ஆண்டில் அன்று பிலிப்பியர் திருமுகம் வரும். “ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள், மீண்டும் கூறுகிறேன், மகிழுங்கள்” என்று அதில் எழுதுகிற பவுல் அப்போது சிறையில் இருக்கிறார். தன் விலங்குகளைப் பற்றி அதே கடிதத்தின் முதல் அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறார். முதல் ஆண்டில் வரும் நற்செய்தி இன்னும் கடினமானது. யோர்தான் கரையில் இயேசுவைச் சுட்டிக்காட்டிய திருமுழுக்கு யோவான், ஏரோதின் சிறையிலிருந்து ஆள் அனுப்பி, வரவேண்டியவர் நீர்தாமா, இல்லை வேறொருவரை எதிர்பார்க்க வேண்டுமா என்று கேட்கிறார். மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர் வைத்துவிட்டு, ஒரு கைதியின் சந்தேகத்தைத் திருச்சபை நமக்கு வாசித்துக் காட்டுகிறது. இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது, போய்ச் சொல்லுங்கள் என்கிறார். நடந்துகொண்டிருப்பதைக் காட்டியே பதில் சொல்கிறார்.

மூன்றாவது கைதி நம் ஊர்க்காரர். நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1749-இல் கைதாகி, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட புனித தேவசகாயம். நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்த நாள் 2012 டிசம்பர் 2. அது அந்த ஆண்டின் திருவருகைக் கால முதல் ஞாயிறு. மூன்று வருடச் சிறைவாசத்தில் தன்னைப் பார்க்க வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியவர் அவர். 3-ஆம் தேதி திருவிழாவுக்குக் கோட்டாறு போகிறவர்கள் அந்தப் பேராலயத்திலேயே இருக்கும் அவர் கல்லறையின் முன் ஐந்து நிமிடம் நின்றால் போதும். திருவருகைக் கால மகிழ்ச்சி எந்த வகையைச் சேர்ந்தது என்பது அங்கே புரிந்துவிடும். சூழ்நிலை சரியான பிறகு வருகிற மகிழ்ச்சி இல்லை அது. ஆண்டவர் அருகில் இருக்கிறார் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சூழ்நிலை சரியாகாமலேயே இருக்கும்போதும் நிற்கிற மகிழ்ச்சி.

இதை முதலில் மனதில் பதித்துக்கொண்டால்தான் மற்ற பயிற்சிகள் பயன்படும். இல்லாவிட்டால் வளையமும் மெழுகுதிரியும் இன்னுமொரு அலங்காரமாகிவிடும்.

வளையமும் நான்கு திரிகளும்

திருவருகைக் கால வளையத்தைத் தொடங்கிவைத்தவர் ஹாம்பர்கில் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன் என்ற லூத்தரன் போதகர். ஆண்டு 1839. கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று தினமும் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச்சக்கரத்தில் மெழுகுதிரிகளை நட்டு வைத்தார்: ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி, வாரநாட்களுக்குச் சின்னச் சிவப்புத் திரி. கத்தோலிக்கர் அதைப் பின்னாளில்தான் எடுத்துக்கொண்டோம். இன்று நான்கு திரிகள்: மூன்று ஊதா, மகிழ்ச்சி ஞாயிறுக்கு ஒரு ரோஜா நிறம்.

நம் ஊரில் அதைச் செய்யும்போது இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. ஒன்று, பச்சை. படத்தில் பார்க்கிற ஊசியிலைக்காகச் சவுக்குக் கிளையை ஒடித்து வளைத்துக் கட்டுகிறார்கள். ஒரு வாரத்தில் அது காய்ந்து சருகாகிவிடும். அதன்மேல் எரிகிற திரி இருப்பது ஆபத்து. குரோட்டன்ஸ் இலையும் துளசியும் பாதுகாப்பானவை. மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றலாம். பழைய பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஈரமணலைப் பரப்பி, திரிகளை அதில் நட்டு, சுற்றி இலையை வையுங்கள். திரி சாய்ந்தாலும் மணலில்தான் விழும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கொளுத்துங்கள். காற்றில் ஒருபக்கமாக உருகி வழிவதால்தான் பாதித் திரி வீணாகிறது.

இன்னொன்று, திரியின் அளவு. முதல் திரி எல்லா நாட்களும் எரிய வேண்டும், கடைசித் திரி சில நாட்களே எரியும். 2026-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு நவம்பர் 29; 24-ஆம் தேதி வரை 26 மாலைகள். தினம் கால் மணி நேரம் என்றால் முதல் திரிக்கு ஆறரை மணி நேரம், இரண்டாவதற்கு 19 மாலைகள், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். மூன்றாவதற்கு 12 மாலைகள், மூன்று மணி நேரம். நான்காவதற்கு 5 மாலைகள், ஒன்றேகால் மணி நேரம். கோயில் வாசலில் விற்கிற மெல்லிய திரி முதல் இடத்துக்குத் தாங்காது. அந்த இடத்துக்கு மட்டும் பருமனான திரி வாங்குங்கள், அல்லது ஒரே நிறத்தில் மூன்று நான்கு மெல்லியவற்றை வாங்கி வைத்துக்கொண்டு தீரத் தீர மாற்றுங்கள். ரோஜா நிறத் திரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியில் ரோஜா ரிப்பன் கட்டினால் போதும். தீ எட்டாதபடி அடியில் கட்டுங்கள்.

மெழுகுதிரியே வேண்டாம் என்பவர்கள் நான்கு அகல்களில் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஏற்றலாம். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். தினமும் எண்ணெய் ஊற்றுவதும் திரி திரிப்பதும் ஒருவரின் வேலையாக அமையும். வாசகச் சுழற்சியின் முதல் ஆண்டுக் கடைசி ஞாயிறுகளின் நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையும் அதன் எண்ணெயும் அப்போது விளக்கம் இல்லாமலே பிள்ளைகளுக்குப் புரியும்.

கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்

வீட்டுச் செபம் தோற்றுப்போவதற்கு முதல் காரணம் நீளம். முதல் நாள் உற்சாகத்தில் முழுச் செபமாலை, மூன்று பாட்டு, நீண்ட மன்றாட்டு என்று முக்கால் மணி நேரம் போகும். நான்காம் நாள் பிள்ளைகள் தூங்குவார்கள், ஏழாம் நாள் வளையத்தில் தூசி படியும். ஏற்கெனவே குடும்பச் செபமாலை சொல்லும் வீடுகளில் அதைத் தொடவேண்டாம். அதற்கு முன் பத்து நிமிடம் சேர்த்தால் போதும்.

வரிசை இப்படி அமைந்தால் நிற்கும். மின்விளக்கை அணைத்து, அந்த வாரத்துக்குரிய திரிகளை வீட்டின் கடைக்குட்டி ஏற்றட்டும். ஒரு நிமிடம் பேச்சில்லை. தொலைக்காட்சியும் கைப்பேசியும் அடுத்த அறையில். பிறகு அன்றைய திருப்பலியின் ஒரு வாசகம். முதல் இரண்டரை வாரமும் பெரும்பாலும் எசாயாவிலிருந்து வரும். அதை வேகமாக வாசிக்காமல், மனதில் தங்கிய ஒரு சொல்லை ஆளுக்கொன்றாகச் சொல்லுங்கள். விளக்கவுரை வேண்டாம். அப்பா பிரசங்கம் தொடங்கினால் எல்லாம் முடிந்தது. பிறகு அன்றைக்கு நடந்த ஒரு நல்லதற்கு ஆளுக்கொரு வரி நன்றி. கடைசியில் எல்லோரும் சேர்ந்து “ஆண்டவராகிய இயேசுவே, வாரும்” என்று மூன்று முறை.

நன்றி சொல்லும் அந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள், இடைவிடாது வேண்டுங்கள், எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பவுல் தெசலோனிக்கருக்கு எழுதுகிறார். இரண்டாம் ஆண்டின் மகிழ்ச்சி ஞாயிறுக்கு அதுதான் வாசகம், 2026-இல் வருவதும் அதுவே. மகிழ்ச்சியை உத்தரவு போட்டு வரவைக்க முடியாது. நன்றியை முடியும். “மழை விட்டது”, “தங்கச்சிக்குக் காய்ச்சல் குறைஞ்சுது”, “மீன் கொஞ்சமாவது கிடைச்சுது” என்று சொல்லிச் சொல்லிப் பழகும் வீட்டில் இரண்டு வாரத்தில் ஏதோ ஒன்று மாறும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அது முதலில் தெரியும்.

நோன்பைப் பற்றி ஒரு சொல். லத்தீன் முறையில் இக்காலத்துக்கு இப்போது கட்டாய நோன்பு கிடையாது. நம் மாவட்டத்திலேயே சீரோ மலபார், சீரோ மலங்கரைச் சகோதரர்கள் டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நோன்பு பிடிக்கிறார்கள். இறைச்சி, முட்டை, பால் தவிர்ப்பவர்கள் உண்டு, மீனையும் தவிர்ப்பவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து ஒன்றையாவது நாமும் எடுத்துக்கொள்ளலாம். கேக்கையும் முந்திரிக்கொத்தையும் 24-ஆம் தேதி இரவு வரை தொடாமல் வைப்பது சின்ன விஷயம்தான். ஆனால் டிசம்பர் 5-ஆம் தேதியே கேக் வெட்டிய வீட்டில் 25-ஆம் தேதி கேக்குக்கு ருசி இருப்பதில்லை.

நெல் முளைக்கும் நாட்கள்

முதல் ஆண்டின் மகிழ்ச்சி ஞாயிறில் யாக்கோபு தம் கடிதத்தில், பயிரிடுபவரைப் பாருங்கள் என்கிறார். நிலத்தின் விளைச்சலுக்காக முன்மாரிக்கும் பின்மாரிக்கும் அவர் பொறுமையோடு காத்திருக்கிறார். இதைக் கேட்கிற எல்லா ஊரைவிடவும் நம் ஊருக்கு இது நன்றாகப் புரிய வேண்டும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை), துலா மழை (வடகிழக்குப் பருவமழை) என்று இரண்டு மழைக்கும் காத்திருக்கிற மாவட்டம் இது. கன்னிப்பூ போக நெல்லை அறுத்து, கும்பப்பூ போகம் நட்டு, திருவருகைக் காலம் வரும்போது வயல் பச்சையாக நிற்கும். அறுப்புக்கு மாசி வரை பொறுக்க வேண்டும். பச்சையாக நிற்கும் வயலைப் பார்த்து விவசாயி அழுவதில்லை. அறுக்கவும் இறங்குவதில்லை.

குடிலுக்குப் பச்சை வளர்ப்பதை இந்த வாசகத்தோடு சேர்த்துவிடலாம். நெல் என்றால் டிசம்பர் 12 அல்லது 13 அன்று ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி இன்னொரு நாள் வையுங்கள். முளை தலை நீட்டியதும், தண்ணீர் வடிய ஓட்டை போட்ட தட்டிலோ சிரட்டையிலோ மணலும் சாணிப்பொடியும் கலந்து இரண்டு விரற்கடை நிரப்பி, நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லியதாக மண் போர்த்துங்கள். 24-க்குள் குடிலில் வைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும். கேழ்வரகுக்கு ஒரு வாரம் போதும். 16 அல்லது 17-இல் விதைக்கலாம். வழக்கமாக நடக்கும் கேடுகள் இரண்டு: தண்ணீர் தேங்கி விதை அழுகுவது, வீட்டுக்குள்ளேயே வைத்துப் பயிர் வெளுத்து நீண்டு சாய்ந்துவிடுவது. தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம். முளைத்தபின் காலை வெயில் படும் திண்ணைக்கு எடுத்து வையுங்கள். அவசரப்பட்டு மண்ணைக் கிளறிப் பார்க்கும் பிள்ளையைத் திட்டாமல், யாக்கோபு எழுதிய அந்த வரியை அங்கேயே வாசித்துக் காட்டுங்கள்.

குடிலையும் ஒரே நாளில் முடிக்காதீர்கள். முதல் வாரம் நிலமும் மலையும், இரண்டாம் வாரம் தொழுவம், 17-க்குப் பிறகு மாடும் ஆடும், கடைசி ஞாயிறன்று மரியாவும் யோசேப்பும். குழந்தையைக் கிடத்தும் தீவனத்தொட்டியான முன்னிட்டி காலியாகவே இருக்கட்டும். குழந்தையை நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து வையுங்கள். காலியாக இருக்கும் முன்னிட்டியில், ஒரு நல்ல செயலுக்கு ஒரு வைக்கோல் என்று பிள்ளைகள் போடுவது பல வீடுகளில் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் யார் எத்தனை போட்டார்கள் என்று எண்ணத் தொடங்கிய அன்றே அது கெட்டுப்போகும். யாரும் பார்க்காதபோது போட வேண்டும், என்ன செய்தோம் என்று சொல்லக்கூடாது என்ற இரண்டு விதிகளை முதலிலேயே வைத்துவிடுங்கள்.

கோபம் இருக்கும் இடத்தில்

இக்காலத்தில் மனதை எடைபோட்டுப் பார்த்தால் மகிழ்ச்சிக்குக் குறுக்கே கிடப்பது பெரும்பாலும் ஒரு பகை. நம் ஊரில் அதற்கு அளவே இல்லை: வேலித் தகராறு, பங்கு பிரித்ததில் மனத்தாங்கல், கல்யாணத்துக்குக் கூப்பிடாத சொந்தம், கோயில் கணக்கில் வந்த சண்டை. இவற்றை வைத்துக்கொண்டு 25-ஆம் தேதி கேக்குப் பொட்டலத்தோடு போய் நிற்பது பலன் தராது. திருநாள் கூட்டத்தில் அவர்களால் பேசவும் முடியாது, மறுக்கவும் முடியாது. முதல் அல்லது இரண்டாம் வாரத்தில், வேலைநாளில், தனியாகப் போங்கள். பழைய வழக்கைத் திரும்ப விசாரிக்காதீர்கள். “அண்ணே, அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க” என்ற அளவோடு நிறுத்துங்கள். “ஆனா நீங்களும்” என்று ஒரு சொல் கூடினால் போனது வீண். பதில் வராமல் போகலாம். கதவு திறக்காமலும் போகலாம். உங்கள் பங்கு முடிந்தது. அவருக்காகத் தினம் ஒரு ‘அருள்நிறை மரியே’ செபம் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடித்தவரிடமோ, மானபங்கம் செய்தவரிடமோ போய்ச் சமாதானம் பேச யாருக்கும் கடமை இல்லை. அப்படிப்பட்டவர்களைக் கிறிஸ்துமஸைச் சொல்லி ஒரே பந்தியில் உட்கார வைப்பது பாவம். மன்னிப்பு ஆண்டவர் முன் நடக்கலாம். பாதுகாப்பான தூரம் அப்படியே இருக்கட்டும்.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) 23, 24 வரை காத்திருக்க வேண்டாம். அன்று வரிசை நீண்டு, ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இரண்டாம் வாரத்தில் ஒரு வாரநாள் காலைத் திருப்பலிக்கு முன் சாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருக்கும் நாளைச் சொன்னால் நேரம் ஒதுக்கித் தருவார்கள். முந்தின நாள் இரவு பத்து நிமிடம் மனதை ஆராயுங்கள்: பண விஷயம், வாய், உடல், குடி, கைப்பேசி, கடமை தவறியது. சின்ன வயதில் மனப்பாடம் செய்த பட்டியலையே வருடா வருடம் ஒப்பிப்பதால்தான் பலருக்குப் பாவசங்கீர்த்தனம் வறண்டு போயிருக்கிறது. எது இந்த வருடம் உங்களைக் கடவுளிடமிருந்து அதிகம் இழுத்ததோ அதை முதலில் சொல்லுங்கள். அது தொண்டையில் சிக்கும். சிக்குகிற அதைச் சொல்லி முடித்தபின் வருகிற இலேசுதான் இக்காலத்தின் மகிழ்ச்சிக்கு மிக நெருக்கமானது.

இரண்டு அங்கியும் கூலியும்

மகிழ்ச்சி ஞாயிறுக்கு மூன்றாம் ஆண்டில் வரும் நற்செய்தியில் மக்கள் யோவானிடம், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் செபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு அங்கி இருப்பவர் இல்லாதவரோடு பகிரட்டும், உணவு உள்ளவரும் அப்படியே. வரிதண்டுவோர் குறித்த அளவுக்கு மேல் தண்ட வேண்டாம். படைவீரர் யாரையும் மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம், ஊதியமே போதும் என்றிருக்கட்டும். பொறுமையைப் பற்றி எழுதிய யாக்கோபும் அதற்கு மூன்று வசனம் முன்னால்தான், நீங்கள் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று பணக்காரரைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த வசனம் மகிழ்ச்சி ஞாயிறு வாசகத்தில் வராது. வேதாகமத்தைத் திறந்து நாம்தான் வாசிக்க வேண்டும்.

ஆகவே ரப்பர் வெட்டுகிறவருக்கு, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு, அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை செய்கிறவருக்குக் கொடுக்க வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால் 20-ஆம் தேதிக்கு முன் கொடுத்துவிடுங்கள். மழைக் காலத்தில் வெட்டு நடக்காத நாட்களில் ரப்பர் தொழிலாளிக்கு வருமானம் இல்லை. திருநாளுக்கு முந்தின நாள் இரவு கொடுத்தால் அவர் பிள்ளைக்கு உடுப்பு எடுக்க நேரம் இருக்காது, வட்டிக்கு வாங்கியிருப்பார்.

உதவிப் பொதி கொடுப்பதென்றால் ஒரு குடும்பத்துக்கு ஐந்து கிலோ அரிசி, ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய், ஒரு கிலோ சீனி, அரைக்கிலோ பருப்பு, தேயிலை, சோப்பு, கூடவே துணி எடுக்கக் கொஞ்சம் பணம். பழைய கிழிந்த துணி வேண்டாம். அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவில்) சேர்ந்து செய்தால் யாருக்கு உண்மையில் தேவை என்பது தெரியும். படம் எடுக்காதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளை நம் பிள்ளையோடு ஒரே பள்ளியில் படிக்கிறது.

நம் சொந்தச் செலவையும் முதல் வாரமே எழுதிவிடுங்கள். துணி, கேக், ஸ்டார், குடில், இறைச்சி, விருந்தினர். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை; கூட்டினால் கையிருப்பைத் தாண்டினால் ஸ்டாரிலும் குடிலிலும் குறையுங்கள். குழுக்கடன் எடுத்துக் கொண்டாடிய திருநாளின் தவணை அடுத்த திருவருகைக் காலம் வரை ஓடும்.

ஸ்டார் போடாத வீடு

நம் பல ஊர்களில், அந்த வருடம் சாவு நடந்த வீட்டில் ஸ்டார் போடுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. இந்த மாவட்டத்துக்கு டிசம்பரின் துக்கம் தெரியும். 2004-இல் கிறிஸ்துமசுக்கு மறுநாள் காலை ஆழிப்பேரலை வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி மறக்கவில்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல். மூன்று நாள் கழித்து வந்த திருவருகைக் கால முதல் ஞாயிறில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் பெண்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வராத பலரின் உடலும் கிடைக்கவில்லை. காத்திருப்பு என்றால் என்னவென்று அந்தக் கரைகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

துக்க வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் அலங்காரம் பொருந்தாமல் போகலாம், திருவருகைக் காலம் பொருந்தும். ஊதா நிறம் அவர்களுக்கும் உரியது. இக்காலத்தில் ஞாயிறுத் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை. ஆனால் அல்லேலூயா நிற்பதில்லை. அடக்கிவைத்த பாட்டும் நிற்காத பாட்டும் சேர்ந்தே இருக்கும் இந்தக் காலத்துக்குள் துக்கத்தோடேயே நுழைய முடியும். ஸ்டார் போட மனம் இல்லாத வீட்டில் நான்கு அகலை ஏற்றச் சொல்லுங்கள். மகிழ்ச்சி ஞாயிறன்று அந்த வீட்டில் போய் ஒரு வாசகம் வாசித்து, போனவரின் பெயரைச் சொல்லிச் செபித்து, கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) குடித்துவிட்டு வாருங்கள். “சந்தோஷமா இருங்க” என்று சொல்ல வேண்டாம்.

கேரல் குழுக்களுக்கும் இதையே சொல்வேன். போகும் வழியில் துக்க வீடுகள் எவை என்று அன்பியப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அங்கே மேளமும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் வாசலுக்கு வெளியே நிற்கட்டும். நாலு பேர் உள்ளே போய் ஒரு மெதுவான பாட்டு, ஒரு பரலோக மந்திரம். காணிக்கைப் பெட்டியை நீட்ட வேண்டாம். மற்ற வீடுகளிலும் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்துங்கள், சட்டமும் அதுதான். மறுநாள் தேர்வு எழுதும் பிள்ளையும், தூக்க மாத்திரை போட்டுக் கண்ணயர்ந்த பாட்டியும் அந்தத் தெருவில் இருக்கிறார்கள். 17-ஆம் தேதிக்குப் பிறகு தொடங்கி, ஒரு நாளைக்குப் போகிற வீடுகளைக் குறைத்து, ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்தால் கேரல் மறுபடி நற்செய்தி அறிவிப்பாகும்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால், விசுவாசக் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போங்கள். செபமும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும்.

கடைசி எட்டு நாள்

டிசம்பர் 16 வரை வாசகங்களின் பார்வை ஆண்டவரின் இரண்டாம் வருகையின் மேல். 17 முதல் பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது. 17 அன்று மத்தேயுவின் தலைமுறை அட்டவணை: வாய்க்குள் நுழையாத பெயர்கள் என்று தாண்டிவிடாதீர்கள். தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று அதில் வரும் நான்கு பெண்களின் கதையையும் தெரிந்துகொண்டு வாசித்தால், நம் குடும்பத்தில் வெளியே சொல்லக் கூசுகிற பெயர்களும் நினைவுக்கு வரும். மீட்பர் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில்தான் பிறந்தார். 18 அன்று யோசேப்பின் கனவு. 19 முதல் 24 வரை லூக்காவின் முதல் அதிகாரம் துண்டு துண்டாக: செக்கரியா, கபிரியேல், எலிசபெத்து, மரியாவின் பாடல், யோவானின் பிறப்பு, செக்கரியாவின் பாடல்.

அந்த அதிகாரத்தை ஒரு பென்சிலோடு வாசியுங்கள். மகிழ்ச்சி வரும் இடங்களில் கோடு போடுங்கள். நீர் மகிழ்ந்து பேருவகை கொள்வீர் என்று வானதூதர் செக்கரியாவிடம் சொல்லும் இடம். எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை மகிழ்ச்சியால் துள்ளும் இடம். என் மனம் பேருவகை கொள்கிறது என்று மரியா பாடும் இடம். எலிசபெத்துக்குப் பிள்ளை பிறந்ததும் அக்கம்பக்கத்தார் கூடி மகிழும் இடம். பிறகு, அந்த ஒவ்வொரு மகிழ்ச்சிக்கும் முன்னால் என்ன இருந்தது என்று பாருங்கள்: வருடக்கணக்கான மலடி என்ற பேச்சு, நம்ப முடியாமல் வாயடைத்துப்போன மாதங்கள், ஒரு இளம்பெண்ணின் பயம், மலைநாட்டுக்கு நடந்த நீண்ட வழி. ஒருவர்கூடத் தனியாக மகிழவில்லை. மரியா பாடுவதே எலிசபெத்தின் வீட்டில் வைத்துத்தான். ஆகவே இந்த எட்டு நாளில் ஒரு நாளாவது, நடந்து போகும் தூரத்தில் இருக்கிற ஒரு கர்ப்பிணியையோ வயதான தனிப்பெண்ணையோ போய்ப் பாருங்கள். 21-ஆம் தேதி பொருத்தமான நாள். அன்றுதான் மரியா எலிசபெத்தைச் சந்திக்கும் பகுதி வாசிக்கப்படுகிறது.

முதல் இரண்டு வாரத்தைத் திருவிழாவிலும் தேர்விலும் கல்யாணத்திலும் விட்டுவிட்டவர்களுக்கு இந்த எட்டு நாளே போதும். 16-ஆம் தேதி இரவு நான்கு அகலை எடுத்துத் துடைத்து வையுங்கள். விட்டுப்போன வாரங்களைச் சேர்த்துப் பிடிக்க முயல வேண்டாம். 17 அன்று மத்தேயு 1:1-17-இல் தொடங்குங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு பகுதியாக வாசிக்காமல், அன்றைய பகுதியிலிருந்தே தொடருங்கள்.